தேசிய வானொலியில் இசையும் நாடகமும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

வானொலியைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகளுள் பெரும்பாலானவை நிலையங்களின் வரலாறாகவோ கலைஞர்களின் நினைவுக் குறிப்பாகவோ அமைந்துள்ளன. ஒலிபரப்பான நிகழ்ச்சியைக் கலைப்படைப்பாகக் கொண்டு அதன் நோக்கத்தையும் நிறைகுறைகளையும் ஆராயும் திறனாய்வு அருகியே காணப்படுகின்றது. அச்சில் நிற்பதே இலக்கியம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருப்பது இதற்கு ஒரு காரணம் எனலாம்.

இக்கட்டுரை, அகில இந்திய வானொலி 1950களில் தொடங்கிய இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்குகின்றது. ஒன்று, 1952ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கிப் பின்னர்ச் சனிக்கிழமை இரவுகளுக்கே உரியதாக நிலைபெற்ற தேசிய இசை நிகழ்ச்சி. மற்றொன்று, 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய நாடக நிகழ்ச்சி. பல மொழி பேசும் மக்களை ஒரே நேரத்தில் ஒன்றையே கேட்கச் செய்வது இரண்டிற்கும் பொதுவான நோக்கம். எனினும் அவை மேற்கொண்ட வழிகள் வேறானவை. இசைக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்று முதல் நிகழ்ச்சி கருதிற்று. மொழிபெயர்ப்பின்றி நாடகம் இல்லை என்று இரண்டாம் நிகழ்ச்சி ஏற்றுக்கொண்டது. பன்மொழிச் சமுதாயத்திற்கு இவற்றுள் எது உகந்த வழி என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். நான்கு மொழிகளில் வானொலி நடத்தும் நாடுகளில் வாழும் நமக்கு இவ்வினா அயலாருடையது அன்று.

பின்புலம்

1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது அந்நாட்டில் ஆறு வானொலி நிலையங்களே இருந்தன. தில்லி, பம்பாய், கல்கத்தா, இலக்னோ ஆகியவற்றுடன் சென்னையும் (1938) திருச்சிராப்பள்ளியும் (1939) அவற்றுள் அடங்கும். ஆறனுள் இரண்டு தமிழ் நிலத்தில் அமைந்திருந்தமையால் தமிழ் எழுத்தாளர் பலர் வானொலிப் பணிக்கு வந்தனர். மீ. ப. சோமு, சுகி சுப்பிரமணியம், தி. ஜானகிராமன் ஆகியோர் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர்கள்.

1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக விளங்கிய பா. வி. கேஸ்கர், செவ்வியல் இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். சமத்தான அரசுகள் மறைந்தபின் புரவலர் இன்றித் தவித்த இசைக்கலைஞர்களை வானொலியே ஆதரிக்க வேண்டும் என்பதும், திரைப்பாடல்கள் மக்களின் இசைச்சுவையைக் கெடுக்கின்றன என்பதும் அவர்தம் கருத்துகள். தேசிய இசை நிகழ்ச்சி, தேசிய வாத்தியக் குழு, 1954இல் தொடங்கிய வானொலி இசை மாநாடு ஆகியவை இக்கொள்கையின் விளைவுகள். கலைஞர்களுக்குக் குரல் தேர்வு நடத்தித் தரம் பிரிக்கும் முறையும் இக்காலத்தில் வலுப்பெற்றது. அதற்குக் கலைஞர்களிடையே எதிர்ப்பும் எழுந்தது.

சனி இரவின் இசை

தேசிய இசை நிகழ்ச்சி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் கச்சேரியாக அமைந்தது. இந்துஸ்தானி இசையும் கருநாடக இசையும் மாறி மாறி இடம்பெற்றன. கலைஞர் ஒருவர் பாடுவதை நாட்டின் எல்லா நிலையங்களும் அஞ்சல் செய்தன. கச்சேரிக்குச் செல்லும் வாய்ப்போ வசதியோ அற்ற சிற்றூர் மக்களும் முதல்தரக் கலைஞர்களின் முழுமையான கச்சேரியைக் கட்டணமின்றிக் கேட்கும் நிலை இதனால் உருவாயிற்று. சபாக்களின் சுவரைத் தாண்டி இசை வெளியே வந்தது என்ற அளவில் இந்நிகழ்ச்சியின் பணியை எவரும் மறுத்தற்கில்லை.

ஆயினும் இரு இசைமரபுகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டாலே கேட்போர் இரண்டையும் விரும்புவர் என்னும் நம்பிக்கை இதன் அடித்தளமாக இருந்தது. இந்நம்பிக்கை எந்த அளவிற்கு நிறைவேறியது என்பதற்கு என் பட்டறிவு ஒன்றைச் சுட்ட விரும்புகின்றேன். முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னையில் தங்கியிருந்தபோது, நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். சனிக்கிழமை இரவு வானொலி கேட்கும் பழக்கத்தை விடாதவர். அறிவிப்பாளர் கருநாடக இசைக் கலைஞரின் பெயரைச் சொன்னால் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொள்வார். இந்துஸ்தானிக் கலைஞரின் பெயர் வந்தால், “இன்று நமக்கு இல்லை” என்று கூறிப் பெட்டியை அணைத்துவிட்டு உறங்கச் செல்வார். ஐம்பது ஆண்டுகள் கேட்ட பின்னரும் அவருக்கு அந்த இசை “நமக்கு” உரியதாகவில்லை. அவர் இசையறிவு இல்லாதவர் அல்லர். தோடியையும் பைரவியையும் நுணுகிச் சுவைப்பவர். அதே பெயர்கள் வடக்கே வேறு இராகங்களைக் குறிக்கின்றன என்பதை எடுத்துச் சொல்லி அழைத்துச் செல்வார் அவருக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே.

சொல்லும் இசையும்

இசைக்கு மொழியில்லை என்னும் கூற்றைத் தமிழர் 1952இல் முதன்முறையாகக் கேட்கவில்லை. 1941இல் அண்ணாமலை நகரில் நடைபெற்ற தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் இக்கூற்றையே எதிர்கொண்டன. அரசர் அண்ணாமலை செட்டியார் முதலானோர் முன்வைத்த கோரிக்கை எளியது: கச்சேரியில் பாடப்படும் சொற்கள் கேட்போருக்குப் புரிய வேண்டும். நாதம் ஒன்றே போதும், சாகித்தியத்தின் மொழி எதுவாயினும் என்ன என்று அன்று மறுத்தவர்களும் உண்டு. அவ்விவாதத்தின் தீர்ப்பு எதுவாயினும், வாய்ப்பாட்டு என்பது சொல்லும் இசையும் கூடியது என்னும் உண்மையை அது நிலைநாட்டிற்று. தேசிய இசை நிகழ்ச்சியை வகுத்தவர்கள் இவ்வுண்மையைக் கருத்திற்கொண்டதாகத் தெரியவில்லை. பாடலின் பொருளைக் கேட்போரின் மொழியில் எடுத்துரைக்கும் முன்னுரை ஒன்றே பெரும்பயன் அளித்திருக்கும்.

திரைப்பாடலின் கதையும் இதனோடு தொடர்புடையது. வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்கியபோது, கேட்போர் செவ்வியல் இசையை நாடவில்லை. இலங்கை வானொலியை நாடினர். வடக்கே அதன் இந்தி ஒலிபரப்பும், தமிழகத்தில் அதன் தமிழ் வர்த்தக ஒலிபரப்பும் பெற்ற செல்வாக்கு நாம் அறிந்ததே. இறுதியில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கி, அகில இந்திய வானொலி திரைப்பாடலுக்கு மீண்டும் இடமளிக்க வேண்டியதாயிற்று. கேஸ்கரின் நோக்கத்தில் நேர்மை இருந்தது. ஆனால் கேட்போருக்குப் புரிந்த சொல்லை விலக்கிவிட்டு, புரியாத சொல்லை உயர்ந்தது என்று முன்வைத்ததில் அவர் கொள்கை இடறிற்று என்பதே என் துணிபு.

பல மொழிகளில் ஒரு நாடகம்

1956இல் தொடங்கிய தேசிய நாடக நிகழ்ச்சியின் அமைப்பு முற்றிலும் வேறானது. ஏதேனும் ஓர் இந்திய மொழியிலிருந்து நாடகம் ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். அதன் எழுத்துப்படி பிற மொழிகளில் பெயர்க்கப்படும். ஒவ்வொரு நிலையமும் தன் நடிகர்களைக் கொண்டு, தன் மொழியில், அதே இரவில் அந்நாடகத்தை ஒலிபரப்பும். கல்கத்தாவில் வங்காளத்திலும் சென்னையில் தமிழிலும் திருவனந்தபுரத்தில் மலையாளத்திலும் ஒரே கதை ஒரே வேளையில் வீடுகளுக்குள் நுழைந்தது.

இதனை வியத்தகு இலக்கிய முயற்சி என்றே கூறவேண்டும். வங்காள நாவல்களைத் த. நா. குமாரசுவாமியின் பெயர்ப்பிலும், காண்டேகரின் மராத்திக் கதைகளைக் கா. ஸ்ரீ. ஸ்ரீயின் பெயர்ப்பிலும் தமிழர் முன்னரே படித்துச் சுவைத்திருந்தனர். வானொலி அவ்வாசகர் வட்டத்தை எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கும் விரித்தது. மேலும் வானொலி நாடகத்திற்கு மேடை, ஒப்பனை, உடை எவையும் இல்லை. குரலும் ஓசையும் அமைதியுமே அதன் கருவிகள். வங்காளக் கதைமாந்தர் தமிழ்க்குரலில் பேசும்போது, கேட்போர் அவரைத் தம் தெருவில் வாழ்பவராகவே கற்பனை செய்துகொள்ள இயலும். மேடையில் வேட்டிக்கட்டும் நெற்றிக்குறியும் உண்டாக்கும் அயன்மை செவிக்கு இல்லை.

மேற்குறித்த வீட்டு உரிமையாளர் தம் இளமையில் கேட்ட வானொலி நாடகம் ஒன்றின் கதையை ஒருநாள் விரிவாகக் கூறினார். அது வங்காள நாடகம் என்பது அவருக்கு நினைவில் இருந்தது. தலைப்பு நினைவில் இல்லை. ஆனால் வீட்டை விற்க மறுத்த முதியவர் பேசிய பேச்சைத் தமிழில் அப்படியே நடித்துக் காட்டினார். இந்துஸ்தானி இசையை “நமக்கு இல்லை” என்று அணைத்தவர், வங்காள முதியவரை மட்டும் தம் வீட்டுப் பெரியவராக ஏற்றுக்கொண்டது எங்ஙனம்? அம்முதியவர் தமிழில் பேசினார் என்பதே விடை.

பெயர்ப்பாளரின் முடிவுகள்

நாடக மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் வைக்கும் பணி அன்று. இரு எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கப் போதுமானவை.

வங்காளத்தில் தாயின் உடன்பிறந்தவளை ‘மாசி’ என்பர். அவர் தாய்க்கு மூத்தவரா இளையவரா என்பதை அச்சொல் தனித்து நின்று உணர்த்தாது. தமிழிலோ பெரியம்மாவா சித்தியா என்று முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுத இயலாது. அம்முடிவைப் பொறுத்தே அவர் வீட்டில் பெறும் மதிப்பும், அவராக நடிப்பவரின் குரலும் அமையும். மூலத்தில் இல்லாத ஒன்றைத் தமிழ் கேட்டுப் பெறுகின்றது.

அடுத்து, முன்னிலைப் பெயர்கள். வங்காளத்தில் ‘துயி’, ‘துமி’, ‘ஆப்னி’ என மூன்று நிலைகள் உள. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ‘துமி’ என்று அழைத்துக்கொள்ளும் குடும்பத்தைத் தமிழில் கொணரும்போது, 1950களின் பெயர்ப்பாளர் என் செய்வார்? கணவன் ‘நீ’ என்பான்; மனைவி ‘நீங்கள்’ என்பாள். அவ்வாறு எழுதினால்தான் தமிழ்க்குடும்பமாகத் தோன்றும். ஆனால் மூலத்தில் நிகராக நின்று பேசிய இருவர், தமிழில் மேலும் கீழுமாக அமர்ந்துவிடுகின்றனர். வழுவின்றி மொழிபெயர்த்தபோதே கருத்து மாறிவிடும் இடம் இது. தேசிய நாடக நிகழ்ச்சி ஒவ்வொரு முறையும் இத்தகைய முடிவுகள் பலவற்றைப் பெயர்ப்பாளரிடம் கோரிற்று. ஒருமைப்பாடு என்பது மேடை முழக்கமாக அன்றி, ஒரு வரியில் ‘நீ’ இடுவதா ‘நீங்கள்’ இடுவதா என்னும் சிக்கலாக இங்கு உருப்பெறுகின்றது.

குறைகள்

இந்நிகழ்ச்சியைக் குறையற்றது என்று கொள்வதற்கில்லை. மூலமொழியை நேரடியாக அறிந்த பெயர்ப்பாளர் எல்லா மொழிகளிலும் கிடைப்பது அரிது; இடைமொழி வழியாகப் பெயர்க்கும்போது வட்டார மணம் மங்கிவிடும். எல்லா நிலையங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால், எவர் மனத்தையும் புண்படுத்தாத கருப்பொருள்களே எளிதில் தேர்வாகும் இடர்ப்பாடும் உண்டு. அரசின் கையில் இருந்த வானொலிக்கு இவ்வரம்பு இயல்பானதே. இருப்பினும், குறையுடைய மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பே இல்லாத நிலையினும் மேலானது. குறையைத் திருத்த முடியும். இல்லாததைத் திருத்த முடியாது.

பெயரிடுதலிலும் இவ்விரு போக்குகளும் தென்படுகின்றன. தமிழ் நிலையங்களில் வழங்கிவந்த ‘வானொலி’ என்னும் சொல், கருத்தைத் தன் மொழியில் ஆக்கிக்கொண்டதன் விளைவு. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஆகாசவாணி’ என்னும் பெயரையே எங்கும் வழங்க வேண்டும் என்று எடுக்கப்பட்ட முடிவு, ஒரே ஒலியை எல்லாருக்கும் அஞ்சல் செய்யும் பழைய வழியைச் சார்ந்தது.

முடிவுரை

1946இல் தொடங்கிய மலாயா வானொலி, மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிப் பிரிவுகளை ஒரே அமைப்பின்கீழ் கொண்டிருந்தது. இன்றைய மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் ஒலிபரப்புகள் அம்மரபின் வழிவந்தவை. தமிழ் நாடகங்களை எழுதி வளர்த்தவர்கள் இங்கும் உளர். சிங்கப்பூர் வானொலியில் நெடுங்காலம் பணியாற்றிய புதுமைதாசன் பி. கிருஷ்ணன், ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்; 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். ஸ்காட்லாந்து மன்னன் தமிழ் பேசுவதை நாம் கேட்டுவிட்டோம். அண்டை வீட்டு மலாய்க் குடும்பம் தமிழில் பேசுவதையும், நம் தோட்டப்புறக் குடும்பம் மலாயில் பேசுவதையும் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்?

தமிழாசிரியர்கள் இவ்வினாவை வகுப்பறையிலேயே தொடங்கலாம். மலாய் நாடகக் காட்சி ஒன்றை மாணவர்களிடம் கொடுத்துத் தமிழாக்கச் செய்யலாம். ‘மாச்சிக்’ என்னும் ஒரு சொல் போதும். அதனை அத்தை என்பதா, பெரியம்மா என்பதா, சித்தி என்பதா, அம்மா என்றே விளிப்பதா என்று மாணவர் வாதிடத் தொடங்குவர். அவ்வாதத்தில் அவர்கள் தமிழின் உறவுமுறையையும் கற்பர். பக்கத்து வீட்டாரின் உறவுமுறையையும் கற்பர். நம் மாணவருள் பலர் மூன்று மொழிகளில் அன்றாடம் புழங்குபவர்கள். இத்தகுதி 1950களின் சென்னை நிலையத்திற்கு எளிதில் வாய்க்காதது. நமக்கோ ஒவ்வொரு பள்ளியிலும் உள்ளது.

ஒரே பாடலை எல்லாரும் கேட்பதால் மட்டும் மக்கள் ஒருவரையொருவர் அறிந்துவிடுவதில்லை என்பதைத் தேசிய இசை நிகழ்ச்சி காட்டுகின்றது. ஒருவர் கதையை மற்றவர் தம் மொழியில் சொல்லிப் பார்க்கும்போதே அவ்வறிவு தொடங்குகின்றது என்பதைத் தேசிய நாடக நிகழ்ச்சி காட்டுகின்றது. நம் வானொலிகளும் நம் வகுப்பறைகளும் பின்பற்றத்தக்கது இரண்டாவது வழியே ஆகும்.