பெயர்ப்பலகையும் மொழிப்பயிற்சியும்: பெங்களூர் நிலை

கர்நாடக அரசின் கன்னட மொழி முழுமை வளர்ச்சிச் சட்டம் (2022) வணிக நிறுவனப் பலகைகளின் மேற்பாதியைக் கன்னடத்திற்கு உரியதாக்கிற்று. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பங்கினை 60 விழுக்காடாக உயர்த்தியது. இடையே, 2023 டிசம்பரில், பெங்களூரில் ஆங்கிலப் பலகைகள் பல கிளர்ச்சியாளரால் சிதைக்கப்பட்டன. பலகையின் பரப்பு எத்துணை என்பதே இவ்விவாதம் முழுவதிலும் பேசப்பட்டது. அப்பரப்பில் எழுதப்படும் சொல் யாது என்பது போதிய கவனம் பெறவில்லை.

நகர்க் கடைப்பலகைகள் பலவற்றில் கன்னட வரிவடிவில் இருப்பவை 'பேக்கரி', 'மெடிக்கல்ஸ்', 'டெக்ஸ்டைல்ஸ்' போன்ற ஆங்கிலச் சொற்களே. சட்டம் இதனால் நிறைவுறும்; மொழி வரிவடிவ அளவிலேயே நின்றுவிடும். இதனை முற்றிலும் பயனற்றது என்று தள்ளுதல் பொருந்தாது. ஒரே ஒலியை இருவகை எழுத்தில் அடுத்தடுத்துக் காண்பவர் எழுத்தறியக்கூடும். ஆனால் புதிய சொல் ஒன்றும் அவருக்குக் கிட்டுவதில்லை. பள்ளிக் குழந்தைகளுக்குக் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. பிழைப்பு நாடி வயது வந்தபின் குடியேறியவருக்கோ தெருவே பள்ளி, பலகையே அரிச்சுவடி.

தமிழரைப் பொறுத்தவரை இவ்விழப்பு மிகுதி. சொல்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தது மொழிநூலார் நன்கறிந்த செய்தி. பால் 'ஹாலு' ஆயிற்று. பூ 'ஹூவு' ஆயிற்று. சிற்றூரைக் குறிக்கும் பள்ளி 'ஹள்ளி' ஆயிற்று. இத்திரிபு ஒன்றினை உணர்ந்த தமிழருக்கு மாரத்தஹள்ளி முதலிய ஊர்ப்பெயர்கள் பாதி தமிழாகவே தோன்றும். பேருந்து, மெட்ரோ நிலையங்களில் காணும் 'நில்தாண' என்ற சொல்லில் 'நில்' என்னும் வேர் வெளிப்படை. பால் விற்கும் கடையின் பலகையில் 'ஹாலு' என்றிருப்பின் அது ஒரு பாடம். 'மில்க் பார்லர்' என்பது கன்னட எழுத்தில் இருப்பின் அப்பாடம் இல்லை. இரண்டும் 60 விழுக்காட்டு அளவுகோலில் ஒன்றே.

இக்குறை கர்நாடகத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றிற்கு 5:3:2 என இடம் வகுத்த தமிழ்நாட்டு விதியின்கீழும் 'ஸ்டோர்ஸ்', 'சில்க்ஸ்' என்பன தமிழ் எழுத்தில் தடையின்றி நிற்கின்றன. அண்டை மாநிலத்தின் ஆணையை மொழிவெறி எனப் பழிப்போர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

1809இல் ஆங்கிலேயர் பாசறை அமைத்தபின் தமிழர் பெருகி வாழ்ந்த பகுதிகளுள் ஒன்று அல்சூர். பலாவைக் குறிக்கும் 'ஹலசு' என்ற சொல்லடியாகவே அப்பெயர் பிறந்தது என்பர். பலா, ஹலசு என்பன ஓரினச் சொற்கள். இங்கும் பகரமே ஹகரமாயிற்று. அவ்வூர் மெட்ரோ நிலையப் பலகை இன்று 'ஹலசூரு' என்றே கன்னடத்தில் காட்டுகிறது. தமிழர் நாவில் அது இன்னும் அல்சூர்.