இறுகிய அச்சு

மரக்காணத்து உப்பளங்களைத் தழுவி வரும் கடற்காற்று கோட்டக்குப்பம்வரை இரும்பையெல்லாம் அரித்துத் தின்னும் இக்கரையில், நெடுநாள் மூலையில் கிடந்த கோ-கார்ட்டின் பின்அச்சு சுழல மறுக்குமானால், கைதேர்ந்த மெக்கானிக் முதலில் சுத்தியலைத் தொடமாட்டார். 1956-இல் ஆர்ட் இங்கல்ஸ் என்பார் கலிபோர்னியாவில் புல்வெட்டி இஞ்சினைக் கொண்டு தொடங்கிவைத்த இவ்வண்டி வர்க்கத்துக்கு டிபரென்ஷியல் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் பெரும்பாலும் ஒரே தண்டில் கோக்கப்பட்டிருப்பதால், ஓரிடத்துச் சிறு கோணலும் அச்சு முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே அவர் செயினைக் கழற்றி, பிரேக் பேடை விலக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, இறுக்கம் நீங்காவிடில் பேரிங் கூடுகளின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்துவார். அச்சு உடனே இலகுவாகச் சுழன்றால் தோஷம் பெரும்பாலும் கூடுகள் ஒரே நேர்கோட்டில் நில்லாமையே; சுற்றுதோறும் ஒரே இடத்தில் தடுக்கினால் அச்சு வளைந்திருக்கக்கூடும்; கரகரவென்று முனகினால் அது துருவின் கைங்கரியம். பேரிங்கை மாற்றினால் போதுமென்பாரும் உளர். கோணிய கூட்டில் புதியதும் பழையதைப் போலவே முரண்டு பிடிக்கும்! பின்னர், தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவரின் நிதானத்தோடு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுக முடுக்கி, ஒவ்வொரு முடுக்கலுக்கும் ஒருமுறை அச்சைச் சுழற்றி, இறுகும் பக்கத்துக் கூட்டின் அடியில் மெல்லிய தகடொன்றைச் செருகுவார்.