செத்த பிரேதம்

சில மாதங்களுக்கு முன் ஒரு சாவு வீடு. நண்பனின் அப்பா. எழுபத்தெட்டு வயசு, ரிட்டயர்டு பேங்க் ஆசாமி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவரிடம் ஒரே ஒரு குறை, சர்ச்சுக்குள் போகமாட்டார். மனைவியை ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பல வருஷமாக இதே ஏற்பாடு. இரண்டு பேருக்கும் சண்டையே கிடையாது.

அடக்க ஆராதனைக்கு வந்த போதகருக்கு அந்தக் கணக்கை அன்றைக்கே நேர்செய்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது போல. பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு ஏசாயா புத்தகத்தின் கடைசி வசனத்தை எடுத்தார். ஆண்டவரை எதிர்த்தவர்களின் கதி, சாகாத புழு, அவியாத நெருப்பு... இருபது நிமிஷம். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாருடைய கண்ணும் பெட்டியைத்தான் பார்த்தது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது நண்பனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க நாலு புஸ்தகம் படிக்கிறவங்க. அவரு நிஜமாவே எரிஞ்சுக்கிட்டே இருப்பாரா?"

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். "அப்படியெல்லாம் இல்லைம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது.

நரகம் இருக்கிறதா, இல்லையா என்பது என் டிபார்ட்மென்ட் இல்லை. ஆனால் ஒரு வசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்கு எபிரேயம் தெரியாது. ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும் அர்த்தம் போட்ட பதிப்பு ஒன்றும், தலையணை சைஸில் அகராதியும் இருந்தால் போதும், பொறுமையுள்ள எவனும் தட்டுத் தடுமாறிப் போய்விடலாம். போனேன்.

முதல் விஷயம். அந்த வசனத்தில் எரிகிறவர்கள் மனிதர்கள் இல்லை. பிணங்கள். புதுப்பிக்கப்பட்ட எருசலேமுக்கு வந்து கடவுளை வணங்குகிற ஜனங்கள் ஊருக்கு வெளியே போய்ப் பார்க்கிறார்கள். அங்கே கலகம் செய்தவர்களின் உடல்கள் கிடக்கின்றன. புழுவும் நெருப்பும் அந்த உடல்களுக்குத்தான். அங்கே அலறல் இல்லை, பல்கடிப்பு இல்லை, வலி என்ற வார்த்தைகூட இல்லை. பார்ப்பவர்களுக்கு அருவருப்பு, அவ்வளவுதான். 'அவியாத நெருப்பு' என்பதும் அணைக்க ஆளில்லாத நெருப்பு என்றே படுகிறது. எருசலேமின் வாசல்களில் இப்படி அணையாத தீ ஒன்று பற்றும் என்று எரேமியாவும் எச்சரிக்கிறார். பாபிலோன்காரர்கள் வந்து கொளுத்தியது கி.மு. 587 வாக்கில். அந்தத் தீ இன்றைக்கும் எரிந்துகொண்டிருப்பதாக யாரும் சொல்வதில்லை.

பிணங்கள் என்று தமிழில் சுலபமாகச் சொல்லிவிட்டேன். மூலத்தில் உள்ள வார்த்தை 'பெகாரிம்'. ஒருமையில் 'பெகெர்'. பழைய ஏற்பாட்டில் இருபது தடவைக்குச் சற்று மேல் வருகிறது. எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் ஒரு ஜாடை தெரிகிறது. கோலியாத்தைப் பார்த்து தாவீது, உங்கள் படையின் பெகெரைப் பறவைகளுக்குப் போடுவேன் என்று சவால் விடுகிறான். கல்லறை கிடைக்காமல் வெளியே எறியப்பட்ட பாபிலோன் ராஜாவை, மிதிபட்ட பெகெர் என்று ஏசாயா கேலி செய்கிறார். ஆட்களை வெட்டிக் குழியில் தள்ளியதாக எரேமியாவில் ஒரு சம்பவம். குழிக்குள் கிடப்பவை பெகாரிம். ஆபிராம் பலிக்காக வெட்டி வைத்த மிருகங்களின் மேல் கழுகுகள் இறங்க, அவர் விரட்டுகிறார். அவையும் பெகாரிம்தான்.

அதாவது நாதியில்லாமல் கிடக்கிற உடல். மொத்தமாக, எண்ணிக்கையில், வெட்டவெளியில். எபிரேயத்தில் உடலுக்கு வேறு வார்த்தைகளும் உண்டு. சவுலின் உடலைப் பெலிஸ்தர் மதில் சுவரில் மாட்டியபோது, யாபேஸ் ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக நடந்துபோய் அதை இறக்கிக் கொண்டுவருகிறார்கள். அங்கே 'கெவியா'. (இதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செத்த சிங்கத்துக்கும் கெவியா என்று போட்டிருக்கிறார்கள்.)

இது எங்களுக்குப் புதிதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'பிணம்' என்று எழுதினால் சீஃப் சப் அடித்துவிட்டு 'சடலம்' என்று போடுவார். ரயில் தண்டவாளத்தில் கிடந்தால் சடலம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் உடல், அமைச்சராக இருந்தால் பூதவுடல். தெருவில் கேட்டால் எல்லாமே 'பாடி'தான். இங்கிலீஷ்காரனுக்கு உயிரோடு இருக்கும்போதும் பாடி, நமக்கோ "பாடி எப்ப எடுக்கறாங்க?" என்றால் அர்த்தம் ஒன்றே ஒன்று.

பாடிக்கு நடந்தது பெகெருக்கும் நடந்திருக்கும் போல. அதன் அக்கா முறை வார்த்தை ஒன்று பாபிலோனியரின் அக்காடிய மொழியில் இருக்கிறது. 'பக்ரு'. உயிருள்ள உடலுக்கும் பக்ரு, செத்த உடலுக்கும் பக்ரு. சிரியாக் மொழியில் 'பக்ரா' என்றால் வெறுமனே உடல். சிரியாக் பைபிளில் கடைசி விருந்தின்போது இயேசு அப்பத்தை எடுத்து 'இது என் உடல்' என்று சொல்லும் இடத்தில் வருவது இந்த வார்த்தை. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பூசையில் உச்சரித்து வந்தது. ஒரு வீட்டில் நாதியற்ற பிணம், பக்கத்து வீட்டில் பீடத்தில் வைக்கிற அப்பம்!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். சனகெரிப் எருசலேமை முற்றுகை போட்டது கி.மு. 701-ல். அவன் பாளயத்தில் ஒரே இரவில் 1,85,000 பேர் செத்ததாக இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. காலையில் பார்த்தால் எல்லாரும் 'பெகாரிம் மேத்திம்'. தமிழ் பைபிளில் இதற்குச் 'செத்த பிரேதங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். செத்தது, அப்புறம் பிரேதம் வேறு! சாகாத பிரேதம் எங்கே இருக்கிறது என்று நானும் சிரித்தவன்தான். பக்ருவைப் பார்த்தபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வார்த்தைக்குள் உடல் என்ற பழைய அர்த்தம் கொஞ்சம் மிச்சமிருந்தால், 'செத்த' என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆனால் 'பிரேதம்' விஷயத்தில் எனக்கு ஒரு நிஜமான புகார் இருக்கிறது. ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871-ல் முழுமையாக வந்த திருப்புதலைத்தான் இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் வாசிக்கிறார்கள். அதன் தமிழ் கம்பீரமானது, சந்தேகமில்லை. ஆனால் ஏசாயாவின் கடைசி வசனத்திலும் பிரேதம் என்றே போட்டுவிட்டார்கள். சமஸ்கிருதத்தில் 'ப்ரேத' என்றால் புறப்பட்டுப் போனவன். உடலை விட்டுப் போய், பிதுர்களோடு சேரும் வரை பசியும் தாகமுமாக அலைகிற ஆவிக்கும் அதே பெயர். பேய், பிரேதம் என்று சேர்த்துத்தானே சொல்கிறோம்? பிரேதப் பரிசோதனை என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருந்தாலும், வார்த்தையின் மூலையில் ஆவி உட்கார்ந்திருக்கிறது. அதைப் புழுவோடும் நெருப்போடும் சேர்த்துப் படித்தால் நம் காதில் என்ன விழும்? அங்கே யாரோ உணர்ந்துகொண்டு, வெந்துகொண்டு இருக்கிறார்கள் என்றுதானே? பெகெருக்குள் அந்த ஆசாமி இல்லை. செத்தவர்களின் நிழலுருவத்தைச் சொல்ல எபிரேயத்தில் தனி வார்த்தை இருக்கிறது, 'ரெஃபாயீம்'. ஏசாயா புத்தகமே அதை வேறு இடங்களில் உபயோகிக்கிறது. இங்கே வேண்டும் என்று நினைத்திருந்தால் போட்டிருக்கலாம். போடவில்லை. 'சடலங்கள்' என்று மொழிபெயர்த்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

மீதிப் பயம் தமிழில் உண்டானதல்ல. ரோமன் கத்தோலிக்க பைபிளில் உள்ள யூதித்து புத்தகத்திலேயே புழுவும் நெருப்பும் எதிரிகளின் சதைக்குள் அனுப்பப்படுகின்றன. அவர்கள் வலியில் என்றென்றும் அழுகிறார்கள். ஏசாயாவில் பிணத்துக்கு வெளியே இருந்த புழு, இங்கே உணர்ச்சியுள்ள உடம்புக்குள் புகுந்துவிட்டது. மாற்கு சுவிசேஷத்தில் இயேசுவும் அந்தப் புழுவையும் நெருப்பையும் எடுத்து, கெஹென்னா என்ற இடத்தோடு சேர்த்துச் சொல்கிறார். போதகரின் கட்சிக்கு அங்கே பலம் உண்டு, மறுக்கவில்லை. அவர் அதை அங்கிருந்து வாதாடட்டும். ஏசாயாவின் வாயில் திணிக்க வேண்டாம்.

கெஹென்னா என்பது எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கு. அங்கே ஊர்க் குப்பை ராப்பகலாக எரிந்துகொண்டிருந்தது, அதிலிருந்துதான் நரகம் வந்தது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதையை முதலில் எழுதியவராகத் தெரிபவர் டேவிட் கிம்ஹி. 1200 வாக்கில் தென் பிரான்சின் நார்போன் நகரில் வாழ்ந்த யூத அறிஞர். அவருக்கு முந்தைய எழுத்துகளில் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் சரிவில் 1979-ல் கேப்ரியல் பார்க்காய் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டியபோது ஒரு கல்லறைக் குகையில் கிடைத்தது வேறு சமாசாரம். சுருட்டி வைத்த இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள். அவற்றில் கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக என்கிற ரீதியில், எண்ணாகமத்தில் வரும் ஆசீர்வாதம். சுமார் 2,600 வருஷப் பழசு. பைபிள் வாசகங்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். நரகத்தின் வாசலில் ஆசீர்வாதம்! எரேமியாவில்கூட, பெகாரிமும் சாம்பலும் கிடந்த பள்ளத்தாக்கு முழுவதும் ஒருநாள் கர்த்தருக்குப் பரிசுத்தமாகும் என்று இருக்கிறது. அதை வைத்து யாரும் அடக்க ஆராதனையில் பேசி நான் கேட்டதில்லை.

பெகெர் என்பதன் வேர் என்ன? அகராதிக்காரர்கள் அதே எழுத்துகளில் ஒரு வினைச்சொல்லைக் காட்டுகிறார்கள். பைபிளிலேயே ஒரே ஒரு கதையில்தான் வருகிறது. தாவீதின் ஆட்கள் 600 பேர் ஊருக்குத் திரும்பினால் ஊர் எரிந்து கிடக்கிறது, மனைவி மக்களை அமலேக்கியர் பிடித்துப் போய்விட்டார்கள். துரத்துகிறார்கள். பேசோர் ஆற்றங்கரையில் 200 பேருக்குக் கால் ஓயந்துவிடுகிறது. 'பிக்கெரு'. துவண்டுவிட்டார்கள், இனி ஓர் அடி முடியாது. மற்ற 400 பேர் போய், ஜெயித்து, கொள்ளையோடு திரும்பி வந்து, இவனுகளுக்கு எதுக்குப் பங்கு என்கிறார்கள். தாவீது ஒப்பவில்லை. போனவனுக்கும், மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தவனுக்கும் சமபங்கு! பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஸ்லீப்பிங் பார்ட்னருக்கு இவ்வளவு தாராளமான லாபப் பங்கீட்டை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இன்றைய இஸ்ரேலில் இந்த வேர் பேங்கிலேயே வேலை பார்க்கிறது. 'பிகூர்' என்றால் பாக்கி, தவணை தவறிப் பின்தங்குவது. கடனைக் காலத்தில் கட்டாவிட்டால் 'ரிபித் பிகூரிம்', அதாவது தாமத வட்டி. இதே எழுத்துகளில் வரும் 'பக்ரா' கோர்ட்டுக்கும் பார்லிமெண்டுக்கும் விடுகிற விடுமுறை. பிணம், களைப்பு, பாக்கி, லீவு! நண்பனின் அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

எனக்கு இதிலெல்லாம் மனசில் நின்றது, பெகெர் வராத ஓர் இடம். சாமுவேலின் இரண்டாம் புத்தகம். சவுலின் குடும்பத்தில் ஏழு பேரைப் பழிக்குப் பழியாகக் கொன்று மலையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் பாறைமேல் இரட்டுத் துணியை விரித்து உட்கார்ந்துவிடுகிறாள். அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும் வரைக்கும். பகலில் பறவைகளை விரட்டுகிறாள், ராத்திரியில் காட்டு மிருகங்களை. பெகெருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நான் தேடிப் பார்த்தேன். அந்த வசனத்தில் பெகெர் இல்லை, கெவியா இல்லை, பிணம் என்று அர்த்தம் வருகிற எந்த வார்த்தையும் இல்லை. பறவைகளை 'அவர்கள் மேல்' உட்கார விடவில்லை என்று மட்டும்தான் இருக்கிறது.

கடைசியில் தாவீதின் காதுக்குச் செய்தி போய், எலும்புகளைச் சேர்த்து முறைப்படி அடக்கம் செய்கிறான்.

ஏசாயாவுக்குத் திரும்புகிறேன். யூதர்களுக்கும் அந்தக் கடைசி வசனம் தொண்டையில் சிக்கியிருக்கிறது. அமாவாசை கழிந்து மாதம் பிறக்கும் நாள் ஓய்வுநாளில் வந்தால் ஜெபாலயத்தில் இந்த அதிகாரத்தை வாசிப்பார்கள். வாசிப்பவர் கடைசி வசனத்தில் நிறுத்துவதில்லை. பெகாரிம், புழு, நெருப்பு எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, முந்தின வசனத்துக்குத் திரும்பி அதை இன்னொரு தடவை வாசித்துத்தான் முடிப்பார். மாதா மாதம், வாரா வாரம் மாம்சமான எல்லாரும் வந்து என் முன் வணங்குவார்கள் என்கிற வசனம். எல்லாரும்.

போன வாரம் நண்பனின் அம்மாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். ரிஸ்பாளையும் சொன்னேன். "இருங்க தம்பி" என்று போனை வைத்துவிட்டுப் போய் பைபிளை எடுத்து வந்தார். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஆமா தம்பி, மேலேயே இருக்கு. அவரு இதை வாசிக்கலையே?"