ரயிலில் தெரிந்த முகம்

2004 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் வெளியான ‘ஸ்பைடர்மேன் 2’ ஒரு பெண்ணின் முகத்தில் தொடங்கி, அதே பெண்ணின் முகத்தில் முடிகிறது. முதலில் வருவது விளம்பரப் பலகையில் அச்சான முகம். வாசனைத் திரவியம் ஒன்றுக்காகப் பலகையிலிருந்து பார்க்கும் மேரி ஜேனை, பீட்சா கொண்டுபோகும் பீட்டர் பார்க்கர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் வரும் முகத்தைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவே, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் கதையில் இயக்குநர் சாம் ரைமி இரண்டே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஒருவன் தன் முகத்தை யார் யாரிடமெல்லாம் மறைத்து வாழ முடியும்? அது தெரியவரும் நொடியில் எதிரே நிற்பவருக்கு என்ன ஆகிறது? பல தடவை பார்த்த பிறகுதான் இது எனக்குப் பிடிபட்டது. முதல் தடவை சண்டைகளிலேயே கண் போய்விட்டது.

தொடக்கத்தில் பீட்டருக்கு எதிரி என்று யாரும் இல்லை. கடிகாரம் இருக்கிறது, வாடகை இருக்கிறது. எட்டு பீட்சாக்களை நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். வண்டியில் முடியாது என்றதும் உடை மாற்றிக்கொண்டு கட்டடம் கட்டடமாகத் தாவுகிறான். பீட்சா போய்ச் சேர வேண்டிய கட்டடத்துக்குள், துடைப்பம் வைக்கிற சிற்றறை வழியாகத்தான் நுழைய முடிகிறது. அங்கிருந்து பீட்டராக வெளியே வரும்போது துடைப்பங்கள் சரிகின்றன. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறான், மறுபடி சரிகின்றன. மறுபடி தள்ளுகிறான். வரவேற்பு மேசைப் பெண் முகத்தில் சலனமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரிய கட்டடங்களை ஒரே தாவில் கடந்தவனால் நான்கு துடைப்பங்களை நிறுத்திவைக்க முடியவில்லை. பேச்சு கிட்டத்தட்ட இல்லாத இந்தக் காட்சி, மௌனப்பட காலத்து நகைச்சுவைக் கலைஞர்களின் வம்சத்தில் வந்தது. நேரம் தவறிவிட்டதால் பணமும் கிடைப்பதில்லை. கடைக்கார அஜீஸாக வருபவர் மும்பையில் பிறந்த ஆசிஃப் மாண்ட்வி. வேலையிலிருந்து அனுப்பும்போது, பீட்டரின் தலைக்கவசத்தில் ஒட்டியிருந்த கடைப்பெயர் ஒட்டியை அவர் உரித்து எடுத்துக்கொள்கிறார். பையனுக்கு மிச்சமிருந்த சின்ன அடையாளமும் அதோடு போகிறது.

பிறகு அவன் சக்தியே மங்குகிறது. மணிக்கட்டிலிருந்து நூல் வராமல் நடுவானத்தில் விழுகிறான். வேறு வழியின்றி முழு உடையோடு லிஃப்டில் இறங்க வேண்டியிருக்கிறது. அந்நியர் ஒருவர் ஏறி, உடை நன்றாக இருக்கிறது என்கிறார். கொஞ்சம் அரிக்கும் என்கிறான் பீட்டர். அதன் பிறகு இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நீண்ட மௌனத்தை ரைமி வெட்டாமல் விட்டுவைக்கிறார். சக்தி ஏன் போனது என்று படம் அறிவியல் விளக்கம் எதுவும் தருவதில்லை என்பது சிலருக்குக் குறை. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. மனம் ஓய்ந்தால் கை ஓய்கிறது என்பதற்குச் சோதனைச்சாலை எதற்கு?

உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அவன் நடந்துபோகும் காட்சி, 1967இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 50ஆம் இதழில் ஜான் ரொமிட்டா வரைந்த ஒரு கட்டத்தை அப்படியே எழுப்பி நிறுத்துகிறது. அந்த இதழைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது பழைய வீட்டு வாசற்படியில் கால் வைத்த மாதிரி இருந்திருக்கும். படிக்காதவர்களுக்கும் அந்த முதுகு போதும்.

இந்த நாள்களில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. வாடகை வாடகை என்று துரத்தும் வீட்டுக்காரர் டிட்கோவிச்சின் மகள் அர்சுலா, பீட்டரின் அறை வாசலில் வந்து நின்று, சாக்லெட் கேக் வேண்டுமா என்று கேட்கிறாள். ஸ்பைடர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஓவியர் ஸ்டீவ் டிட்கோவின் பெயர் அந்தக் குடும்பப் பெயருக்குள் ஒளிந்திருப்பது தனி அழகு. ஒல்லியான, கூச்சம் நிறைந்த பெண். ஒரு தட்டில் கேக், ஒரு டம்ளர் பால். அவன் சாப்பிடுகிறான், அவள் பார்க்கிறாள். கதை ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. கதையை ஓட்டிச் செல்லும் அவசரம் உள்ள எந்தப் படத்திலும் இது முதலில் வெட்டப்பட்டிருக்கும். இங்கே இருப்பதால்தான், தனிமை என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே தனிமை நமக்குத் தெரிகிறது. திரைக்கதை எழுதிய ஆல்வின் சார்ஜென்ட் குடும்ப நாடகங்களில் கை பழகியவர். அந்தக் கைப்பக்குவம் இங்கே மணக்கிறது.

அதன் உச்சம் ரோஸ்மேரி ஹாரிஸ் நடித்த பெரியம்மா மே. வீடு கடனில் மூழ்கிக்கொண்டிருக்கும்போது, பிறந்தநாளுக்கென்று பீட்டரிடம் 20 டாலரை நீட்டுகிறாள். அவன் தயங்கியதும் சட்டென்று குரல் உயர்கிறது: வாங்கிக்கொள்! அடுத்த கணமே உடைந்து மன்னிப்புக் கேட்கிறாள். கொடுக்க முடிகிற நிலையில் இன்னும் இருக்கிறேன் என்ற மானம் அந்தக் கத்தலுக்குள் இருக்கிறது. பிறகொரு நாள், பெரியப்பா பென் சாவில் தனக்கு இருந்த பங்கைப் பீட்டர் அவளிடம் ஒப்புக்கொள்கிறான். பென்னைக் கொன்ற திருடனை அதற்குமுன் தான்தான் போகவிட்டதாகச் சொல்கிறான். மே அழவில்லை, திட்டவில்லை. தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, எழுந்து, மாடிக்குப் போய்விடுகிறாள். இந்தப் படத்தில் பீட்டர் வாங்குகிற பலத்த அடி அதுதான். நான்கு இரும்புக் கைகள் சேர்ந்தும் அப்படி அடிக்கவில்லை.

அந்த நான்கு கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றுக்குச் சொந்தக்காரரான விஞ்ஞானி, ஆல்ஃபிரட் மொலினா நடித்த ஆக்டோபஸ், பின்னால் வந்த எத்தனையோ வில்லன்களுக்குக் கிடைக்காத ஒரு பேறு பெற்றவர்: அவருடைய ஆயுதம் படப்பிடிப்புத் தளத்தில் உண்மையாகவே இருந்தது. பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்கள் அந்தக் கைகளைப் பிடித்து இயக்கினார்கள். மொலினா அவற்றுக்கு லாரி, ஹாரி, மோ, ஃப்ளோ என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். சுருட்டு பற்றவைக்கும்போதும் கண்ணாடியைக் கழற்றும்போதும் அவற்றில் தெரியும் நாசூக்கு, மனிதக் கை இயக்கியதால் வந்தது. கணினி வரைகலை இதோடு தையல் தெரியாமல் இணைந்தது. சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் 2005இல் இந்தப் படத்துக்குக் கிடைத்தது முழுத் தகுதியோடுதான். மருத்துவமனைக் காட்சியில் அதே கைகள் வேறு முகம் காட்டுகின்றன. ‘ஈவில் டெட்’ எடுத்த பழைய ரைமி அங்கே விழித்துக்கொள்கிறார். பின்னணி இசையே இல்லை. தரையில் கீறும் நகம், சுவரில் ஓடும் நிழல், ஓர் அலறல். குழந்தைகளும் பார்க்க வரும் படத்தில் இவ்வளவு பயம் வைத்த துணிச்சலை நினைத்தால் இன்றும் வியப்பு.

இனி ரயில். உயரத்தில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் அந்த ரயில், கதைப்படி நியூயார்க்கில் ஓடுகிறது, படம்பிடித்தது சிகாகோவில். ஆக்டோபஸ் வேகக் கட்டுப்பாட்டை உடைத்துவிட்டுப் போகிறார். தண்டவாளம் ஓரிடத்தில் முடிகிறது. பீட்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு ரயிலின் முகப்பில் நிற்கிறான். முதலில் காலை ஊன்றுகிறான். குறுக்குக் கட்டைகள் நொறுங்குகின்றன. பிறகு இரு பக்கக் கட்டடங்களிலும் நூலை வீசி, இரு கைகளாலும் இழுத்துப் பிடிக்கிறான். உடை கிழிகிறது, பல் கடிபடுகிறது. சிலுவையில் அறைந்தாற்போல் விரிந்த கைகள். பீட்டராக நடித்த டோபி மக்வயரின் முகம் அங்கே வலியில் கோணிப்போகிறது. அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை துளியும் இல்லை. விளிம்பில் ரயில் நின்றதும் மயங்கி முன்னால் சாய்கிறான். அவன் விழவில்லை. உடைந்த கண்ணாடி வழியே பயணிகளின் கைகள் நீண்டு அவன் மார்பைத் தாங்கிக்கொள்கின்றன. எனக்கு இந்தப் படமே அந்தக் கைகள்தான்.

அவனைத் தலைக்கு மேல் ஏந்தி, கை மாற்றிக் கை மாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். ஒருவர் குனிந்து பார்த்து, இவன் சின்னப் பையன், என் மகனை விடப் பெரியவன் இல்லை என்கிறார். யாரும் பெயர் கேட்கவில்லை. இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். ஆக்டோபஸ் திரும்பி வந்ததும், சக்தி ஏதும் இல்லாத அந்தச் சாதாரண மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக நடுவில் வந்து நிற்கிறார்கள். அவர்களால் தடுக்க முடியவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

பார்வையாளர்கள் இந்தப் படத்தை ஏன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை அந்த ரயில் பெட்டிக்குள் இருக்கிறது. வசூலை மட்டும் பார்த்தால் உலக அளவில் முதல் பாகமே முந்தியது: அது 82 கோடி டாலர் சொச்சம், இது 78 கோடி டாலர் சொச்சம். ஆனாலும் எது சிறந்த படம் என்று பேச்சு வந்தால் இரண்டாவதைச் சொல்பவர்களே அதிகம். முதல் பாகத்துக்கு இரண்டரை நட்சத்திரம் மட்டும் தந்த விமர்சகர் ரோஜர் ஈபர்ட், இதற்கு முழு நான்கு நட்சத்திரம் தந்து, 1978இன் ‘சூப்பர்மேன்’ படத்துக்குப் பிறகு வந்த இவ்வகைப் படங்களில் இதையே மேலானதாகச் சொன்னார். பீட்டர் அதிகம் கலங்குகிறான், கதை நிதானமாகப் போகிறது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. 2021இல் ‘நோ வே ஹோம்’ படத்தில் மொலினா அதே கைகளோடு திரையில் தோன்றியபோது அரங்குகளில் எழுந்த ஆரவாரம், பதினேழு ஆண்டு பிரிந்திருந்த உறவினரை நிலையத்தில் கண்டவர்களின் குரல்போல் இருந்தது.

ரயிலுக்குப் பின் அந்த முகம் இன்னும் மூன்று பேருக்குத் தெரியவருகிறது. தன் தந்தையைக் கொன்றவன் ஸ்பைடர்மேன் என்று கத்தியோடு நிற்கும் பீட்டரின் நண்பன் ஹாரி, முகமூடியை இழுத்ததும் பீட்டரைக் காண்கிறான். ஓங்கிய கை தளர்கிறது. ஆக்டோபஸ் காண்கிறார். படத்தின் தொடக்கத்தில், கெட்டிக்காரன் ஆனால் சோம்பேறி என்று பீட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னவர், இப்போது அந்த முகத்தைப் பார்த்து அதே சொற்களை முணுமுணுக்கிறார். பிசாசுக்குள்ளிருந்து பழைய விஞ்ஞானி ஒரு கணம் எட்டிப்பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில் அவர் மீண்டுவிடுகிறார். பின் மேரி ஜேன். தன்மேல் விழவிருக்கும் பெரிய சுவரைத் தாங்கி நிற்பவனைப் பார்க்கிறாள். அவளுக்கு அது முழு அதிர்ச்சி இல்லை. முன்பே ஒருநாள், மணக்கவிருந்தவனைத் தலைகீழாகச் சாய்த்து முத்தமிட்டு, ஸ்பைடர்மேனின் பழைய முத்தத்தின் நினைவோடு ஒப்பிட்டுப் பார்த்தவள் அல்லவா அவள்?

கல்யாண உடையோடு ஓடிவந்து பீட்டரின் வாசலில் நிற்கிறாள் அவள். தன் முடிவைச் சொல்கிறாள். வெளியே சைரன் கேட்கிறது. போய் வா என்று அவளே அனுப்புகிறாள். டேனி எல்ஃப்மனின் இசை உயர, அவன் கட்டடங்களுக்கிடையே பறக்கிறான். அங்கேயே நிறுத்தியிருந்தால் பார்த்தவர்கள் கைதட்டிக்கொண்டே எழுந்து போயிருப்பார்கள். கேமரா ஜன்னலுக்குத் திரும்புகிறது. மேரி ஜேனாக நடித்த கிர்ஸ்டன் டன்ஸ்டின் முகம், இந்த முறை அச்சில் இல்லாமல் உயிரோடு. உதட்டில் இருந்த சிரிப்பு மெல்ல வற்றுகிறது. அவன் போன திசையைப் பார்த்தபடியே நிற்கிறாள்.