புதைத்தார்களாம்

யுத்தம் முடிந்தபின் மிஞ்சும் கதைகளில் ஒரு வகை நம் விமர்சகர்களின் கவனத்துக்கு வராமலே இருக்கிறது. மண்ணுக்கடியில் ஏதோ இருக்கிறது என்கிற கதைகள். பெட்டிக்குள் விமானம், குகைக்குள் ரயில், மலைக்குள் சுரங்கம், சுரங்கத்துக்குள் பொன். இவற்றை வதந்தி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். மக்களின் கற்பனை வளம் என்று கொண்டாடுவது இன்னும் சுலபம். நம்மிடையே இப்போது இரண்டாவதற்குத்தான் மவுசு. வாய்மொழி என்றாலே அது அதிகாரத்துக்கு எதிரான குரல், எழுதப்பட்ட சரித்திரத்துக்கு மாற்றுச் சரித்திரம் என்று ஒரு சூத்திரம் கைவசம் தயாராக இருக்கிறது. இந்தச் சூத்திரத்தை ஸ்தூலமான ஒரு வதந்தியின்மேல் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் என் கேள்வி.

பர்மாவில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் புதைந்து கிடக்கின்றன என்பது வதந்தி. 1945இல், ஜப்பானியர் தோற்று ஓடிய பின்பு, ரங்கூனுக்கு வடக்கே மிங்கலடோன் விமான தளத்தில் பெட்டிகளில் வந்திறங்கிய புத்தம் புதிய விமானங்களை, இனித் தேவையில்லை என்று, எண்ணெய்த் தாள் சுற்றி, மூட்டுகளில் தார் பூசி, பெட்டியோடு பெட்டியாகக் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்களாம். டேவிட் கண்டல் என்ற இங்கிலீஷ் விவசாயி 1990களிலிருந்து தன் பணத்தையும் காலத்தையும் இதில் கரைத்தார். 2012 ஏப்ரலில் பர்மா சென்ற பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரான், ஜனாதிபதி தெய்ன் செய்னிடம் இதைப் பேசினார். அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கம்ப்யூட்டரில் டாங்கி யுத்தம் நடத்தும் விளையாட்டுகளைத் தயாரிக்கும் வார்கேமிங் கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. யுத்தத்தை விளையாட்டாக விற்பவர்கள் யுத்தத்தின் மிச்சத்தைத் தேடப் பணம் கொடுத்தது பொருத்தம்தான். பேச்சில் விமானங்களின் தொகை 20 என்று இருந்தது, 36 ஆயிற்று, ஒப்பந்த நாட்களில் 100ஐயும் தாண்டிப் போயிற்று. மண்ணுக்கடியில் விமானங்கள் குட்டி போடும் போலும்.

2013 ஜனவரியில் தோண்டினார்கள். வடக்கே மியிட்கியினாவில் ஒரு பெட்டி அகப்பட்டது என்று செய்தி வந்தது. உள்ளே காமிராவை இறக்கிப் பார்த்ததில் சேற்றுத் தண்ணீர். மிங்கலடோனில் அதுவும் இல்லை. கூடப்போன புதைபொருள் ஆராய்ச்சிக்காரர்கள் மண்ணை விட்டுக் காகிதத்துக்குத் திரும்பினார்கள். ரங்கூன் துறைமுகத்தில் விமானப்படைச் சரக்குகளைக் கையாண்ட பிரிவின் பதிவுகள் இருந்தன. 1945, 1946 இரண்டு வருஷங்களிலும் பெட்டியில் வந்த விமானங்கள் மொத்தம் 37. அவற்றில் ஒன்றுகூட ஸ்பிட்ஃபயர் இல்லை. வந்தவற்றிலும் பெரும்பாலானவை 1946 கடைசி மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. பிப்ரவரியில் வார்கேமிங் கைகழுவியது. கண்டல் ஒப்புக்கொள்ளவில்லை, தவறான இடத்தில் தோண்டிவிட்டார்கள் என்றார். இந்தத் தேடலில் இருந்த ஆண்டி பிராக்மன், டிரேஸி ஸ்பெய்ட் இருவரும் 2020இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார்கள். விமானம் கிடைக்காதவர்களுக்கு வதந்தி கிடைத்தது; அதைத் தோண்டியிருக்கிறார்கள்.

என் அக்கறை வேறு இடத்தில். தமிழில் ஒரு வசதி உண்டு. நாம் கண்ணால் பார்க்காத ஒன்றைச் சொல்லும்போது வினைமுற்றின் வாலில் ஓர் 'ஆம்' சேர்த்துவிடுகிறோம். புதைத்தார்கள் என்று சொல்ல உரிமை இல்லாதவன் புதைத்தார்களாம் என்கிறான். அந்த ஓரசை ஒரு நேர்மை. இது நான் கண்டதல்ல, எனக்குச் சொல்லப்பட்டது, சொன்னவனுக்கும் சொல்லப்பட்டிருக்கலாம் என்ற நீண்ட சங்கிலி முழுவதையும் அது சுமக்கிறது. பாட்டி கதை சொன்னால் ஒவ்வொரு வாக்கியத்திலும் அது வரும். கேட்கிற குழந்தைக்கும் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். வதந்தி வளர்வது என்பதை எண்ணிக்கை கூடுவதாக மட்டும் பார்க்கிறோம். அது வளரும்போது உண்மையில் ஒன்றை இழக்கிறது. வாயிலிருந்து பத்திரிகைக்கு, பத்திரிகையிலிருந்து மந்திரி மேஜைக்கு, மேஜையிலிருந்து ஒப்பந்தத்துக்கு என்று போகும் வழியில் எங்கோ 'ஆம்' உதிர்ந்துவிடுகிறது. ஒப்பந்தப் பத்திரத்தில் யாரும் 'புதைத்தார்களாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. ஆகவே வதந்தியை அதிகாரத்துக்கு எதிரான குரல் என்று கொண்டாடும் நண்பர்கள், இரண்டு தேசங்களின் தலைவர்கள் ஒரு வதந்தியை மேஜைமேல் வைத்துப் பேசிக்கொண்டிருந்த 2012ஐக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த வதந்தியின் படிமத்தைப் பாருங்கள். விழுந்து நொறுங்கிய விமானம் அல்ல அது. பர்மாக் காடுகளில் நொறுங்கிய விமானங்கள் நிஜமாகவே உண்டு. அவற்றின்மேல் யாருக்கும் இப்படிப்பட்ட மோகம் பிறக்கவில்லை. துருப்பிடிக்காத, பறந்தே அறியாத, பெட்டியைத் திறந்து இறக்கையை மாட்டினால் மேலே எழும்பக்கூடிய விமானம். ஸ்பிட்ஃபயர் 1940இன் பிரிட்டன் தன்னைப்பற்றி வைத்திருக்கும் சுயசித்திரம். 20,000க்கு மேல் செய்யப்பட்டதில் இன்று பறப்பவை சில பத்துகள். 1942இல் அந்த சாம்ராஜ்யம் பர்மாவை விட்டு ஓடிற்று, 1945இல் திரும்ப வந்தது, 1948இல் மூட்டை கட்டியது. அதனுடைய இளமை மட்டும் காலனியின் மண்ணுக்கடியில் எண்ணெய் பூசிப் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் கதை. கடந்த காலம் சிதையவில்லை, தற்காலிகமாக மூடிவைக்கப்பட்டிருக்கிறது என்ற ஆசை. இதில் பர்மியர் சாட்சிகளாக மட்டும் வருகிறார்கள். பெட்டியைப் பார்த்தவர், பக்கத்துக் கிராமத்துக் கிழவர். அவர்களுக்கு யுத்தத்தில் என்ன ஆயிற்று என்பது கதைக்குத் தேவைப்படவில்லை.

போலந்தில் வாவ்பிஷிக் நகரத்தில் 2015 ஆகஸ்டில் இருவர் வக்கீல் மூலம் அறிவித்த நாஜித் தங்க ரயிலும் இதே ஜாதி. கண்டுபிடிப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கேட்டார்கள். கலாசார உதவி மந்திரி 99 சதவிகிதம் நிச்சயம் என்றார். டிசம்பரில் கிராக்கோ பல்கலைக்கழக நிபுணர்கள் ரயில் இல்லை என்றார்கள். 2016 ஆகஸ்டில் தோண்டியும் பார்த்தார்கள், மண்தான். ஆனால் அந்தப் பிரதேசத்து மலைகளுக்குள் சுரங்கங்கள் நிஜம். நாஜிகள் அரக்கன் என்று பெயர் வைத்துத் தோண்டியவை. தோண்டியவர்கள் குரோஸ்-ரோஸன் வதைமுகாமின் கைதிகள். ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஊருக்குப் போனது இல்லாத ரயிலுக்காக.

மூன்றாவது உதாரணம்தான் நம்மை நெருங்குகிறது. 2001 ஏப்ரலில் தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில் லிஜியா என்ற குகைக்குள் ஜப்பானியர் விட்டுப்போன ரயில் பெட்டிகளும் டன் கணக்கில் தங்கமும் இருக்கின்றன என்று ஒரு செனட்டர் சொன்னார். இரண்டு மாதங்களுக்கு முன்னால் பதவிக்கு வந்திருந்த பிரதமர் தக்சின் ஷினவாத்ரா ஹெலிகாப்டரில் போய்ப் பார்த்தார். தேசத்தின் கடன் தீரப்போகிறது என்று பேச்சு. குகையில் கிடைத்ததாகக் காட்டிய அமெரிக்கக் கடன் பத்திரங்கள் போலி என்று தெரிந்ததோடு விஷயம் கேலியாக முடிந்தது. ஹெலிகாப்டர் இறங்கிய அந்த மாகாணத்தின் வழியாகத்தான் சயாம் - பர்மா ரயில் பாதை போயிற்று.

415 கிலோமீட்டர். பான் போங்கிலிருந்து தன்பியூசயட் வரை. 1942இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சேர்ந்தன. நேச நாடுகளின் யுத்தக் கைதிகள் சுமார் 60,000 பேர் இதில் உழைத்தார்கள்; 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று பங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு ஆசை காட்டவும் பொறுமை இல்லை. இலவச சினிமா என்று கூட்டிவைத்து அப்படியே லாரியில் ஏற்றினார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளிடம் ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது, கட்டளையிட ஒரு வரிசை இருந்தது. கூலிகளிடம் இவை எதுவும் இல்லை. மனைவி குழந்தைகளோடு போனவர்களும் உண்டு. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தான். ஆசியத் தொழிலாளர் அத்தனை பேரையும் சேர்த்து 90,000 என்று ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேலும் கீழும் கணக்குகள் உண்டு.

இந்த ரகக் கதைகள் எல்லாவற்றிலும், பிலிப்பைன்ஸ் முழுக்கத் தேடப்படும் ஜெனரல் யமஷிடாவின் பொக்கிஷக் கதை உட்பட, தவறாமல் வரும் ஒரு அம்சத்தை இங்கே சொல்ல வேண்டும். சுரங்கம் வெட்டிய கூலிகளை ரகசியம் காக்க உள்ளே வைத்தே மூடிவிட்டார்களாம். கேட்கிறவனுக்கு ஒரு நடுக்கம் வருகிறது. உடனே நம்பிக்கையும் வருகிறது. இத்தனை பேரைக் கொன்றிருக்கிறார்கள் என்றால் உள்ளே விலைமதிப்பான ஏதோ இருந்தே ஆக வேண்டும் அல்லவா. ஆக, கூலியின் சாவு பொக்கிஷத்துக்குப் பூட்டாகிறது, அதற்கு அத்தாட்சியும் ஆகிறது. அவன் செத்ததற்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிடுகிறது. நிஜத்தில் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் செத்தவனைக் கொல்ல யாரும் ரகசியத் திட்டம் போடவில்லை. அவனுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவன் காத்த ரகசியம் ஒன்றும் கிடையாது. இந்த வெறுமையை வதந்தியால் தாங்க முடிவதில்லை; பொன்னைக் கொண்டுவந்து நிரப்புகிறது. வதந்தியை மக்கள் கற்பனை என்று சிலாகிப்பவர்களோடு எனக்குள்ள தகராறு இந்த இடத்தில்தான். கற்பனை இருக்கிறது. அது யாருடைய எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்காத ரசனை, ரசனையில் சேர்த்தி இல்லை.

அந்தப் பாதையில் நிஜமாகவே சில பொருள்கள் புதைக்கப்பட்டன. கைதிகள் தங்களுக்குள் இறந்தவர்களின் பெயர், தேதி, படைப்பிரிவு எல்லாவற்றையும் கிடைத்த காகிதத்தில் எழுதி, டின்களிலும் புட்டிகளிலும் அடைத்து, ஜப்பானியர் கண்ணில் படாமல் சவக்குழிகளுக்குள்ளேயே புதைத்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில், யுத்தம் முடிந்த சில வாரங்களிலேயே, கல்லறை தேடும் குழு ஒன்று பாதை நெடுகப் போயிற்று. வரைபடங்களோடும் இந்தக் காகிதங்களோடும் 10,000க்கு மேற்பட்ட சமாதிகளை அடையாளம் கண்டது. காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசயட்டிலும் இன்று வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருப்பது அந்த டின்களால். புதையல் என்ற வார்த்தைக்குத் தகுதியான ஒன்று அங்கே இருந்தது என்றால் அது அந்தப் பெயர்ப் பட்டியல். தமிழ்க் கூலிகளுக்கு யாரும் பட்டியல் எழுதவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் இருந்த பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

நம் எழுத்து இதை எப்படி எதிர்கொண்டது? தமிழ்நாட்டில், ஏறக்குறைய எதிர்கொள்ளவே இல்லை. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா 1942இல் நடந்தே இந்தியா வந்தார். அந்த நடையை எழுதினார். அதை இலக்கியமாக மதிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அதில் சர்மா தான் கண்டதையும் கேட்டதையும் கலக்காமல் இருப்பது ஒரு பெரிய குணம் என்று நினைக்கிறேன். குண்டு விழும் ஊரில் வதந்தியே சுவாசக் காற்றாக இருந்திருக்கும். அவருடைய உரைநடை அதற்கு மசியவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்து, பல வருஷங்கள் படிக்க ஆளில்லாமல் கிடந்தது. மெடானிலும் பினாங்கிலும் வாழ்ந்தவர் எழுதியது. அவர் செய்திருப்பது சர்மாவுக்கு நேர் எதிர்க் காரியம். வதந்தி, வம்பு, கடைத்தெருப் பேச்சு, பழம்பாட்டின் எதிரொலி எல்லாவற்றையும் உள்ளே விடுகிறார். ஆனால் ஒவ்வொரு பேச்சும் யார் வாயிலிருந்து, எந்தக் கடை வாசலிலிருந்து, எவ்வளவு போதையில் வருகிறது என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். 'ஆம்' ஒரு இடத்திலும் உதிர்வதில்லை. மொழியின்மேல் இந்தப் பிடி இருப்பதால்தான் அந்த நாவலில் யுத்தம் சாகசமாகச் சரிந்துவிடவில்லை. சரிகிற பக்கங்களும் உண்டு, பாண்டியனின் வீரச் செயல்களில் ஆசிரியர் மயங்கும் பக்கங்கள். அங்கே பிடி தளர்வதையும் பார்க்கலாம்.

ரயில் பாதையைப் பற்றி எழுதியவர்கள் மலேசியத் தமிழர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. உருவம், உத்தி என்று நம் அளவுகோல்களை எடுத்துக்கொண்டு போனால் இரண்டிலும் குறை சொல்ல நிறைய அகப்படும். சம்பவத்தின் மேல் சம்பவமாக அடுக்குகிறார்கள். வசனம் சில இடங்களில் நாடக மேடைக்குப் போய்விடுகிறது. நம் பத்திரிகைகள் இவற்றைத் திரும்பிப் பார்க்காததற்கு இந்தக் குறைகள் காரணம் என்றால்கூட மன்னிக்கலாம். படித்துவிட்டுத் திரும்பாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம். உருவத்தைப் பற்றிப் பேசும் உரிமையைக் கொஞ்சம் உழைத்துத்தான் பெற வேண்டியிருக்கிறது. செத்தவனின் பெயரே எங்கும் பதிவாகாத ஒரு விஷயத்தில், பட்டியல் போடுவது எந்தக் கட்டத்தில் பட்டியலாக நின்றுவிடாமல் உருவமாகிறது என்பது விமர்சனத்துக்கு நிஜமான பிரச்னை. மௌனி கதைகளின் உருவத்தைப் பற்றி எழுதிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்கு இதற்கும் செலவாகலாம்.

1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலுக்கடியில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று சொன்னார்கள். யாரும் வதந்தி பரப்பி, ஒப்பந்தம் போட்டு, கம்பெனி பணம் கொடுத்துத் தேடிக் கிடைத்தவை அல்ல. அதே மாகாணத்தில் 11 வருஷங்கள் கழித்துத்தான் பிரதமரின் ஹெலிகாப்டர் தங்க ரயிலைத் தேடி இறங்கியது.