பந்தல் போட முடியாத துக்கம்

காலடிப்பேட்டையில் ஒரு சாவு விழுந்தால் தெருவே கூடிவிடும். சாமியானா, நாற்காலி, டீ, மேளம், ராத்திரி முழுக்க கானா. அழுகை வராதவரையும் அழவைத்துவிடுவார்கள். உயிரோடு இருக்கிறவர் விட்டுவிட்டுப் போனால்? அந்தத் துக்கத்துக்கு யாரும் பந்தல் போடுவதில்லை. 2019 பிப்ரவரியில் திரைக்கு வந்த இயக்குநர் ராமின் 'பேரன்பு' அதைத்தான் பேசுகிறது. மம்மூட்டியின் நடிப்பை இன்றும் நிதானமாக அலசிப் பார்க்கலாம்.

மம்மூட்டி ஏற்றிருக்கும் அமுதவன் துபாயில் பல வருடம் உழைத்தவர். மனைவி போய்விட்டாள். மூளை முடக்குவாதம் உள்ள மகள் பாப்பாவுக்கோ அப்பா முகமே புதுசு. சொந்தபந்தம் முகம் சுளிக்க, ஆளரவமில்லாத மலையில் ஏரியோரமாக ஒரு வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போகிறார்.

அங்கே அவளைச் சிரிக்கவைக்க ஆடுகிறார், பாடுகிறார், நாய் மாதிரி குரைக்கிறார். ஒரே ஷாட். நடுவில் வெட்டு இருந்திருந்தால் வித்தைகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். வெட்டாததால், ஒன்று பலிக்காமல் போய் அடுத்ததைத் தேடும் அந்த ஓரிரு நொடிகளும் தெரிகின்றன. மம்மூட்டியின் உண்மையான நடிப்பு அந்த நொடிகளில்தான் இருக்கிறது. கண் கலங்குவதற்கு முன்பே தோள் தளர்ந்துவிடுகிறது. பார்க்கிறவரிடம் இரக்கம் கேட்கவே இல்லை. இவ்வளவு பெரிய நட்சத்திரம் இப்படித் தோற்றுக்கொண்டே இருக்கச் சம்மதித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் பனியும் ஏரியும் அழகுதான், ஆனால் ஆறுதல் தருவதில்லை. மகள் வயதுக்கு வந்ததும் அப்பாவைத் தொடவிட மறுக்கிறாள். சுற்றிலும் கூப்பிட ஒரு பெண் இல்லை. நிம்மதி தேடி வந்த தனிமையே கழுத்தை நெரிக்கிறது.

சென்னைக்கு வந்தபின் சம்பவங்கள் அடுக்கடுக்காக விழுகின்றன. மலையில் கிடைத்த நிதானம் போய்விடுகிறது. படத்தின் குறை அது. மீராவாக வரும் அஞ்சலி அமீர்தான் அந்தப் பகுதியைத் தாங்குகிறார். உறவுக்காரர்கள் விலகிய இடத்தில் ஒரு திருநங்கை துணையாகிறாள். அதில் துளியும் அலட்டல் இல்லை.

பாப்பாவாக நடித்த சாதனாவைப் பற்றி இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும். 'தங்க மீன்கள்' படத்துக்காகக் குழந்தை நட்சத்திரமாகத் தேசிய விருது வாங்கியவர். இங்கே மடங்கிய மணிக்கட்டையும் கோணிய கழுத்தையும் எந்தக் காட்சியிலும் நழுவவிடவில்லை. அவர் முகம் திருப்பிக்கொள்வதால்தான் மம்மூட்டியின் அந்த ஒற்றை ஷாட்டே நிற்கிறது. பாராட்டில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.