வில்லன் இல்லாத கதை

நம்முடைய கதைகளில் வியாதி பெரும்பாலும் ஏதாவது ஒரு காரியத்துக்காகத்தான் வருகிறது. கதாநாயகியைக் கொல்ல க்ஷயம். பாவம் செய்தவனைத் தண்டிக்கப் பக்கவாதம். பிரிந்த சகோதரர்களைச் சேர்த்து வைக்க மாரடைப்பு. காரியம் முடிந்ததும் வியாதி போய்விடும். இல்லாவிட்டால் வியாதிக்காரர் போய்விடுவார். அந்த வியாதி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஆசிரியர் விசாரிப்பதில்லை. பிறர் கதைகளை வைத்து இதை நிரூபிப்பது சுலபம். ஆனால் என் கதையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

பதினைந்து வருஷங்களுக்கு முன் அதை எழுதினேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருத் தையற்காரரை வெறிநாய் கடித்தது. அந்தக் காலத்து வழக்கப்படி வயிற்றில், தொப்புளைச் சுற்றித் தினம் ஓர் ஊசி. ஊசிகள் முடிந்து சில நாட்களில், மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு கோலூன்றி நடந்தார். மிஷினை மறுபடி மிதிக்கவில்லை. கம்பவுண்டர் கெட்டுப்போன மருந்தைப் போட்டுவிட்டார் என்று ஊர் சொன்னது. என் கதையும் அதையே சொல்லிற்று. கம்பவுண்டருக்குக் குடிப்பழக்கம் ஒன்றையும் நானாகச் சேர்த்தேன். கதையைப் பலர் பாராட்டினார்கள்.

சென்ற வருஷம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தலைசுற்றலோடு செம்மேட்டில் இறங்கினேன். அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்க ஊசிக் கதையைப் படிச்சிருக்கேன் சார். நல்லா இருந்தது. ஆனா ஒண்ணு சொல்லலாமா?" என்றார். அவருடைய பள்ளிப் பையன் ஒருவனை நாய் கடித்ததாம். ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று தகப்பனார் பிடிவாதமாக மறுத்துவிட்டாராம். பேசிப் பேசி அவரை இணங்க வைக்க இரண்டு நாள் ஆயிற்றாம். "அவர் உங்க கதையைப் படிச்சவர் இல்லை. ஆனா அவர் சொன்னதும் நீங்க எழுதினதும் ஒண்ணுதான். அந்த ஊசியே இப்ப கிடையாது சார். அதை நீங்க எழுதலியே?"

வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அந்த இரண்டு நாளில் ஒரு பையனின் உயிர் ஊசலாடியிருக்கிறது. என்னிடம் பதில் இல்லை.

கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் காலம் தள்ளாதவன் நான். கீழே வந்து ஒரு டாக்டர் நண்பரைப் பிடித்துக்கொண்டு படித்தேன். 1911-இல் கசௌலியில் டேவிட் ஸெம்பிள் என்ற டாக்டர் செய்த முறை அந்த மருந்து. நோய்க்கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கொன்று, அந்த மூளையையே கரைத்து ஊசியாகப் போடுவார்கள். எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. ஆனால் கிருமியோடு ஆட்டு மூளையும் உள்ளே போயிற்று. நரம்புகளுக்கு மேலே, மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை போல, மயலின் என்ற உறை இருக்கிறது. ஆட்டு மயலினும் மனித மயலினும் ஏறக்குறைய ஒரே ஜாடை. அந்நியச் சரக்கு என்று ஆட்டு மயலினை எதிர்க்கப் பழகிய அணுக்கள், மிகச் சிலருக்கு, தங்கள் நரம்பின் உறையையே அரித்துவிட்டன. 1930-களில் அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் கிருமியே கலவாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி, சிலவற்றுக்கு இதே கேடு வருவதைக் காட்டினார். தையற்காரருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார் நண்பர். மருந்து கெட்டுப்போகவில்லை. கம்பவுண்டர் தம் வேலையைச் சரியாகவே செய்தார்.

கொல்லிமலையில் எட்டுக்கை அம்மன் கோயில் இருக்கிறது. கொல்லிப்பாவை அவள்தான் என்பார்கள். முனிவர்களைக் காக்கத் தேவர்கள் சமைத்து நிறுத்திய பாவை. அரக்கர் வாடை பட்டதும் சிரித்தே கொன்றுவிடும் என்பது கதை. அந்தக் கதை நமக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் அதில் பாவை ஒருநாளும் தவறு செய்வதில்லை. உடம்பின் காவல் அப்படிப்பட்டது அல்ல. மார்பெலும்புக்குப் பின்னே தைமஸ் என்ற சுரப்பியில் டி செல்கள் பரீட்சிக்கப்படுகின்றன. தன் உடம்பையே பகையாகக் காண்பவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனாலும் சில தப்பி வந்துவிடுகின்றன. அவற்றை வெளியே அடக்கி வைக்க வேறொரு வகைக் காவல் செல்கள் உண்டு. அவற்றைக் கண்டு விளக்கிய ஸகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு தடைகளும் தளரும்போது, ஜாடை ஒன்றைக் கண்டு காவல் ஏமாந்தால், வீட்டுக்காரனே அடிபடுகிறான்.

இதைத் 'துரோகம்' என்று எழுதுவது நம் வழக்கம். உடம்பின் 'போர்வீரர்கள்' தன் அரசனையே வெட்டினார்கள் என்று கட்டுரைகளில் படிக்கிறோம். நான் இதை ஒப்பவில்லை. துரோகிக்குத் தான் செய்வது தெரியும். இந்த அணுக்களுக்குத் தெரியாது. உவமை வேண்டுமானால் சிலப்பதிகாரத்துக்குப் போகலாம். இரண்டு சிலம்புகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தன. உள்ளே ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். உடைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் கெட்டவன் அல்ல, காவலன். அந்தக் கதையில் பொற்கொல்லன் என்ற வில்லன் இருந்தாலும், நம்மை இன்றும் உலுக்குவது அவன் வஞ்சகம் அல்ல. காக்க வேண்டியவன் ஆராயாமல் இழைத்த பிழைதான்.

என் கதை அங்கேதான் தோற்றது. வெளியிலிருந்து ஒரு குற்றவாளி வந்தால் கதை எழுதுவது சுலபம். வாசகருக்கும் கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரிந்துவிடும். அந்தக் கோபத்தைச் சம்பாதிக்க, ஒரு நல்ல மனிதனைக் குடிகாரனாக்கினேன்; ஓர் ஊசியை விஷமாக்கினேன். காத்த மருந்தே முடக்கியது, எதிர்த்து நின்ற உடம்பே முடங்கியது என்ற பெரிய கதை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விசாரிக்கும் சிரமத்துக்கு அஞ்சி, சின்னக் கதையை எடுத்துக்கொண்டேன். பாண்டியனைப் போல நானும் சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை.

ஆட்டு மூளை மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஆம் வருஷ முடிவோடு நின்றது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் செய்த மருந்து. அதில் மூளைத் திசு கிடையாது. பெரியவர்களுக்குக் கையில் போடுகிறார்கள், தொப்புளைச் சுற்றி அல்ல. நாய் கடித்தால் புண்ணைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு விமரிசனக் கட்டுரையில் இந்த வரிக்கு இடம் உண்டா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கதையில் நான் விட்ட வரி இது.

அந்தக் கதை இருக்கும் தொகுப்பு மறுபதிப்பு வரப்போகிறது. பதிப்பாளரிடம் அதை எடுத்துவிடச் சொன்னேன். வேண்டாம், திருத்திக் கொடுங்கள் என்கிறார். கம்பவுண்டரின் குடியை முதலில் அடித்துவிட்டேன். பிறகு பார்த்தால், நான் எழுதியதில் மிஞ்சுவது மிதிக்க ஆளில்லாத அந்தத் தையல் மிஷின் ஒன்றுதான். அதிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.